சீலுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

நண்பர் ஒருவரின் தம்பி, கடல்நாய் என்கிற சீலைப் படமெடுக்கும் ஆசையில், போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான். “அண்ணே, நவம்பர்ல சீல் குட்டி எடுக்கப் போறோம். 600 ஜூம் ஒண்ணு வாங்கிடவா, இல்ல கையில இருக்கற 100-400 போதுமா?”

“எங்கே போறீங்க?”

“அது இன்னும் முடிவு பண்ணலண்ணே. இங்கிலாந்துலதான்.”

அவன் சொன்ன எண்கள் லென்ஸின் மில்லிமீட்டர் அளவு; கூடக் கூட, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். இடம் தெரியாமல் லென்ஸ் சொல்ல முடியாது என்றேன். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான் போல. குரல் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் இதே கேள்விக்கு நானே தப்பான பதில் கண்டுபிடித்து, பணம் கட்டிப் பாடம் படித்தவன்.

சில வருடங்களுக்கு முன் லிங்கன்ஷயரில் உள்ள டோனா நுக் கடற்கரைக்கு முதல்முறை போனபோது, சீல் என்றால் தூரத்தில்தான் கிடக்கும் என்று நானாக முடிவு கட்டி, 600 எஃப்/4 லென்ஸ் ஒன்றை (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்) வாரக்கடைசிக்கு வாடகைக்கு எடுத்தேன். லென்ஸ் மட்டும் மூன்று கிலோ. அதைத் தாங்க ஒரு முக்காலி, கனமான லென்ஸை லேசாகத் திருப்ப உதவும் கிம்பல் தலை, தனிப் பை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வேலியோரம் போய்ச் சேர்ந்தால், பனிப்பந்து மாதிரி ஒரு குட்டி மூன்று மீட்டர் தள்ளிப் படுத்து என்னையே பார்க்கிறது. அந்த லென்ஸுக்கோ குறைந்தபட்ச ஃபோகஸ் தூரமே நாலரை மீட்டர். பின்னால் நகர்ந்தால் மக்கள் கூட்டம். கடைசியில் அன்றைக்கு வீட்டில் எல்லோரும் ரசித்த படம் கைபேசியில் எடுத்தது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அகராதியில் சீலுக்குக் கடல்நாய் என்று இருக்கிறது. நீர்நாய் என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆற்றில் வாழும் வேறு பிராணி. பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கும் (கடல்பசு) இதற்கும் உறவில்லை. நான் சீல் என்றே எழுதிவிடுகிறேன். பிரிட்டனில் இரண்டு வகை உண்டு. சாம்பல் சீல் பெரியது, நீண்ட மூக்கு. அதன் அறிவியல் பெயருக்கே கொக்கிமூக்குக் கடல்பன்றி என்றுதான் பொருள். ஹார்பர் சீல் சிறியது, நாய்க்குட்டி முகம், மூக்குத் துளைகள் ஆங்கில ‘வி’ வடிவில் இருக்கும். ஹார்பர் சீல் ஜூன், ஜூலையில் குட்டி போடும். நாம் பேசுகிற வெள்ளைக் குட்டிகள் சாம்பல் சீலுடையவை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை அவற்றின் பருவம்.

அந்த வெள்ளை முடி சில வாரங்களுக்குத்தான். பிறக்கும்போது குட்டி சுமார் 14 கிலோ. தாய்ப்பாலில் கொழுப்பு மட்டுமே பாதிக்கு மேல். மூன்று வாரத்தில் குட்டி மும்மடங்கு எடை போட்டுவிடும். அந்த நாட்களில் தாய் இரை தேடிப் போவது பெரும்பாலும் இல்லை. தன் உடம்பைக் கரைத்துத்தான் ஊட்டுகிறது. நாம் கிட்டே போய் அது மிரண்டு கடலுக்குள் இறங்கினால், திரும்பி வராமலே போகலாம். குட்டி பட்டினி கிடக்கும். கூட்டமாக மிரண்டு ஓடும்போது குட்டிகள் நசுங்குவதும் உண்டு. எனவே நமக்கும் சீலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது நம் கையில் இல்லை. வேலி, கயிறு, படகோட்டி, ஆறு இவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. லென்ஸ் அந்தத் தூரத்துக்கு ஏற்றதாக இருந்தால் போதும்.

கணக்கு

எளிய கணக்கு ஒன்று. கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய வகையின் அகலம் 36 மி.மீ. அதை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால், படத்தின் அகலத்தில் அடங்குவது எத்தனை மீட்டர் என்று வரும். 100 மீட்டர் தூரத்தில் 400-க்கு 9 மீட்டர், 600-க்கு 6 மீட்டர், 800-க்கு நாலரை மீட்டர். வளர்ந்த சாம்பல் சீல் தோராயமாக இரண்டு மீட்டர் நீளம். அதாவது நூறு மீட்டரில் 600 வைத்தாலும் சீல் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான். 24 மெகாபிக்சல் கேமராவில் அது 2000 பிக்சல். திரையில் பார்க்க நிறைவு, சுவரில் பெரிதாக மாட்டத் தயக்கம். அதே தூரத்தில் ஒரு மீட்டர் குட்டி வெறும் ஆயிரம் பிக்சல். முப்பது மீட்டருக்கு வந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. 400-லேயே 2.7 மீட்டர் அகலம். தாயும் குட்டியும் இடைவெளியில்லாமல் நிறைந்துவிடுவார்கள்.

அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாராக இருந்தால் 36-க்குப் பதில் 23.5 போடுங்கள். 400 மி.மீ. லென்ஸ் நூறு மீட்டரில் 5.9 மீட்டர் காட்டும். ஃபுல் ஃபிரேமில் 600 போட்ட மாதிரியேதான். தம்பியின் கேமரா ஏபிஎஸ்-சி. அவன் வாங்கத் துடிக்கிற நெருக்கம் ஏற்கெனவே அவன் பையில் இருக்கிறது என்று சொன்னபோது மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

நான்கு கரைகள்

டோனா நுக்கிலிருந்தே தொடங்குகிறேன். விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சித் தளம் அது. சத்தத்துக்குச் சீல்கள் பழகிவிட்டன. லிங்கன்ஷயர் காட்டுயிர் அறக்கட்டளை மணல்மேட்டின் அடிவாரத்தில் நீளமாக வேலி போட்டிருக்கிறது. வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குட்டிகள். அவற்றில் பல வேலிக்கு அருகிலேயே பிறக்கின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவை; இடையே இரண்டு மீட்டரும் இருக்கலாம், இருநூறும் இருக்கலாம். இதற்கு ஜூம்தான். அதிலும் 100-400. சோனியின் 100-400 எஃப்/4.5-5.6, கேனானின் பழைய இஎஃப் 100-400 இரண்டாம் பதிப்பு இரண்டும் ஒரு மீட்டருக்குள்ளேயே ஃபோகஸ் ஆகும். குட்டியின் மீசையில் ஒட்டிய மணலைக்கூட எடுக்கலாம். இரண்டுமே ஏறக்குறைய ஒன்றரை கிலோதான், மூன்று மணி நேரம் கையில் பிடித்து நிற்கலாம். முக்காலி வேண்டாம். பாதை குறுகல், குழந்தைகள் ஓடுவார்கள், உங்கள் முக்காலிக் காலில் யாராவது தடுக்கி விழுவார்கள். முடிந்தால் வார நாளில் போங்கள்.

முன்பு வேலியைத் தாண்டி, வெளிமணலில் அலையோரம் வரை நடந்து போய் எடுப்பவர்கள் இருந்தார்கள். அந்தப் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் பலர் 600 வாங்குகிறார்கள். அறக்கட்டளை அங்கே போகவேண்டாம் என்கிறது. நானும் போவதில்லை, போகிறவர்களுக்கு லென்ஸ் ஆலோசனையும் சொல்வதில்லை.

நார்ஃபோக்கில் உள்ள பிளேக்னி பாயின்ட் இதற்கு நேர் எதிர். அங்கே 2001-இல் பிறந்தவை வெறும் 25 குட்டிகள். இன்று இங்கிலாந்தின் மிகப் பெரிய சாம்பல் சீல் கூட்டம் அதுதான். இயற்கை, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இடம். மார்ஸ்டன் துறையிலிருந்து படகில் போய்த்தான் பார்க்க வேண்டும். கடல் ஏற்றத்தைப் பொறுத்து நேரம் மாறும், ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள், குட்டி போடும் பருவத்தில் கரையில் இறக்க மாட்டார்கள். படகு ஆடும், பக்கத்தில் இருப்பவர் எழுந்து நிற்பார், சீல் இடப்பக்கம் இருந்தால் நீங்கள் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே பெரிய லென்ஸ் தொல்லை. ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது. 1/1600 வைத்தால் நிம்மதி. லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாடு உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், படகு தூக்கிப் போடுவதை அடக்காது. கையில் பிடிக்கக்கூடிய 100-400 அல்லது கேனான் ஆர்எஃப் 100-500. படகு தாழ்வாக இருப்பதால் தண்ணீரில் தலை நீட்டும் சீலின் கண்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம். இந்தக் கோணம் வேறெங்கும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

அதே நார்ஃபோக்கின் கிழக்கே ஹார்சி. மணல்மேடுகளின் மேலிருந்து பார்க்க வேண்டும். பருவத்தில் கரையை அடைத்துவிடுவார்கள். தன்னார்வலர்கள் நின்று வழிகாட்டுவார்கள். சீல்கள் கீழே, பக்கத்திலேயே. அப்படியானால் இங்கேயும் 100-400 போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் மாடியிலிருந்து தெருநாயை எடுத்த மாதிரி. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சீலைப் பார்த்தால் கேமரா 23 டிகிரி கீழே குனிகிறது. ஐம்பது மீட்டர் தள்ளியிருப்பதைப் பார்த்தால் ஆறு டிகிரிகூட இல்லை, கிட்டத்தட்ட கண்மட்டம். அதனால் ஹார்சியில் காலடியில் கிடப்பதை விட்டுவிட்டு, கரையோடு நீளவாக்கில் தூரத்தில் கிடப்பதைக் குறிவையுங்கள். ஐம்பது மீட்டரில் 600 மி.மீ. மூன்று மீட்டர் அகலம் காட்டும். தாயும் குட்டியும் அளவாக அடங்குவார்கள். ஆக 600 ஜூம் தன் விலைக்கு நியாயம் செய்கிற இடம் ஹார்சி. அதுவும் சீல் தூரத்தில் இருப்பதால் அல்ல. தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க விடுவதால்.

நான்காவது ஸ்காட்லாந்தில், அபர்தீனுக்கு வடக்கே, ஐதன் ஆறு கடலில் சேரும் நியூபரா. குட்டிகளுக்கான இடம் இல்லை. வருடம் முழுக்கச் சீல்கள் கூட்டம் கூட்டமாக மணலில் ஏறிக் கிடக்கும் இடம். 2017-லிருந்து சட்டப்படி அறிவிக்கப்பட்ட ஓய்விடம். அங்கே சீல்களைத் தொந்தரவு செய்வது ஸ்காட்லாந்தின் 2010-ஆம் ஆண்டுக் கடல்சார் சட்டப்படி குற்றம். நாம் தென்கரையில் நிற்க, அவை வழக்கமாக அக்கரையில், நடுவே ஆறு. இங்கேதான் நீளத்துக்கு வேலை. 600-இல் தொடங்கி 800 வரை எதுவும் வீணாகாது. மேட்டில் எழுந்து நின்று வானத்துக்கு எதிரே உருவம் காட்டாமல், தாழ உட்கார்ந்து, பீன்பேக் (மணிகள் நிரப்பிய பை) மேல் லென்ஸை வைத்துக் காத்திருங்கள். சீல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால், நீங்கள் செய்தது அதிகம். வாழைப்பழம் மாதிரி தலையும் வாலும் தூக்கி வளைந்து கிடந்தால் அவற்றுக்கு நீங்கள் ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம். அந்தப் படம் எடுங்கள்.

பையில் எது?

600 வரை போகும் ஜூம்கள் இப்போது பல நிறுவனக் கேமராக்களுக்கும் உண்டு. சோனி 200-600 (2019), நிக்கான் 180-600 (2023), சிக்மா, டாம்ரான் 150-600-கள். எல்லாம் ஏறக்குறைய இரண்டு கிலோ, நீண்ட முனையில் எஃப்/6.3. கேனான்காரர்களுக்கு 200-800 (2023). அது எஃப்/9 வரை இறங்கிவிடும். படத் தெளிவில் இவற்றுக்குள் உள்ள வித்தியாசத்தைப் பற்றி இரவு முழுக்கச் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். கடற்கரைக்கு நான் பார்ப்பது வேறு: ஜூம் செய்யும்போது லென்ஸ் நீள்கிறதா? சோனியும் நிக்கானும் நீளாது, உள்ளுக்குள்ளேயே நகரும். 150-600-கள் நீண்டு சுருங்கும், அப்படிச் சுருங்கும்போது உப்புக் காற்றும் மணல்தூளும் ஒட்டிய குழாய் உள்ளே போகும். ஒரு நாள் பயணத்துக்குப் பரவாயில்லை. ஒவ்வொரு வாரமும் கடலுக்குப் போகிறவர் கூடுதலாகக் கொடுத்து நீளாததை வாங்கலாம்.

600 எஃப்/4-ஐ ஒரேயடியாக ஒதுக்கவும் மனமில்லை. பின்னணியை அது கரைக்கிற விதமே தனி. தூரத்துப் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை, மில்லிமீட்டரை எஃப் எண்ணால் வகுத்துப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். 600/4 என்றால் 150. 600/6.3 என்றால் 95. 800/11-உம், 500/7.1-உம், 400/5.6-உம் எழுபதை ஒட்டி. ஒரு தாய்க்குப் பின்னால் இன்னும் இருபது சீல்கள் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி கிடக்கும் கரையில் அந்த 150 பெரிய வித்தை. ஆனால் விலை பத்தாயிரம் பவுண்டுக்கு மேல். படத்தில் விழும் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கும் இன்றைய மென்பொருள்கள் வந்த பிறகு, வெளிச்சத்துக்காக மட்டும் அதை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

மறுகோடியில் கேனானின் 600 எஃப்/11, 800 எஃப்/11 (2020). ஒரு கிலோவை ஒட்டிய எடை, சுமப்பதே தெரியாது. நவம்பர் மேகமூட்டத்தில் கணக்குப் பாருங்கள்: 1/500 வேகத்துக்கு எஃப்/4-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு; கூடினால் இரைச்சலும் கூடும்) 400 போதுமென்றால், எஃப்/6.3-க்கு 1000, எஃப்/11-க்கு 3200 வேண்டும். படகில் 1/1600 வைத்தால் எஃப்/11-க்குப் பத்தாயிரம். நாலு மணிக்கு இருட்டிவிடும் ஊரில் மூன்று மணிக்கே பையைக் கட்ட வேண்டியதுதான். அத்துடன் 800-இன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் ஆறு மீட்டர். வெயில் அடிக்கும் நாளில் நியூபராவில் தூங்கும் சீலுக்கு அருமை. டோனா நுக்கில் என் மூன்று கிலோ சோகமே மறுபடியும்.

100-400 லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே, மில்லிமீட்டரை 1.4 மடங்காக்கும் டெலிகன்வெர்ட்டர் போட்டால் 560 எஃப்/8 ஆகும். காகிதத்தில் அழகான சமாதானம். ஆனால் அதை மாட்டவும் கழற்றவும் கடற்காற்றில் கேமராவைத் திறக்க வேண்டும். காலையில் காரிலேயே மாட்டிவிடுங்கள், அல்லது வீட்டில் வைத்துவிடுங்கள்.

எந்த லென்ஸானாலும் தீர்க்காத விஷயங்கள் இரண்டு. ஒன்று காற்றின் அலைவு. ஈரமணல் மேல் வெயில் பட்டதும், குளிர்காலத்திலும் நூறு மீட்டருக்கு அப்பால் எல்லாம் தோசைக்கல் மேல் காற்று மாதிரி நெளியும். அப்போது 800-உம் 400-உம் ஒன்றுதான். கிட்டே இருக்கும் சீலுக்குத் திரும்புங்கள், அல்லது மேகத்துக்குக் காத்திருங்கள். இன்னொன்று வெள்ளைக் குட்டி. கறுத்த சேற்றில் வெள்ளை முடி கிடந்தால் கேமரா சேற்றைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளுத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்துவிட்டுத் தொடங்குவேன். மற்றபடி வெளிச்சம் நமக்குச் சாதகம். டோனா நுக், ஹார்சி இரண்டும் வடகிழக்குப் பார்த்த கரைகள். நவம்பர் நடுவில் உச்சிவெயிலிலும் சூரியன் 19 டிகிரிக்கு மேல் ஏறாது, தெற்கே தாழ்வாகவே ஓடும். நாள் முழுக்க நம் முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலோ மாலை வெயில் மாதிரியே விழும். நம் ஊரில் காலை ஏழரைக்குள் எடுத்து முடிக்க வேண்டிய வெளிச்சம் இங்கே மதியம் பன்னிரண்டுக்குக் கிடைக்கிறது.

தம்பி நேற்று மறுபடி கூப்பிட்டான். டோனா நுக்தானாம், ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவியும் நாலு வயதுப் பெண்ணும் கூட. “100-400 மட்டும் எடுத்துட்டுப் போ,” என்றேன். “மிச்சப் பணத்துல மூணு பேருக்கும் நல்ல ரப்பர் பூட்ஸ் வாங்கு. சேறு முழங்கால் வரைக்கும் இருக்கும்.”

“அப்ப 600 எப்பதாண்ணே வாங்கறது?”

“ஹார்சி போறப்போ கூப்பிடு.”

“ஜனவரி வரைக்கும் குட்டி இருக்கும்னு சொன்னீங்கல்ல?” என்றான்.